வலப்பக்கம் கொஞ்சம்

மூன்றாம் கைப்பிடி எனக்கு.
யாரும் தொடாமலே அதன் குமிழ்
இடப்பக்கம் சாயும்.
தம்மாமிலிருந்து சாச்சா கொண்டுவந்த பெட்டியில்
கைப்பிடி நான்கு, நல்லது மூன்று.
ஆண்பிள்ளைகள் மூன்று பேர்.
கணக்கு அங்கேயே முடிந்தது.

மேலப்பாளையம், சித்திரை, மத்தியானம்.
தகரம் போட்ட மாடி அறை.
டிவியில் பனி பெய்துகொண்டிருந்தது.
நான்காய்க் கிழித்த இருபத்தொரு அங்குலத்தில்
இடது கீழ் மூலை என் நாடு,
உள்ளங்கை அகலம்.
அதற்குள் ஒரு துப்பாக்கி முனை,
சதுரம் சதுரமாய் ஒரு மலை,
பத்தடிக்கு அப்பால் வெள்ளை மூட்டம்.

"அதுக்கு அங்கிட்டு ஒண்ணும் கெடையாது,
பெட்டிக்கு அவ்வளவுதான் தெம்பு,
மிச்சத்த வரைய முடியாம
பொகைய ஊதி வச்சிருக்கான்" என்றான் காஜா.
பீர் மைதீன் நம்பவில்லை.
ஒவ்வொரு ஆட்டத்திலும் அந்த விளிம்புக்குப் போய்
மூட்டத்தோடு மூட்டமாய் நிற்பான்.

அவன் கால்வாசித் திரை
என் கால்வாசிக்கு நேர் மேலே.
அங்கே எதுவும் அசையாமல் வெள்ளையாய்க் கிடந்தால்
ஆள் எங்கே என்று கேட்கவும் வேண்டுமா.
"ஏளா, எட்டிப் பாக்காத."
பெருநாள் சட்டை வந்த அட்டையை வெட்டி
கண்ணாடி மேல் குறுக்கும் நெடுக்கும்
வேலி போட்டான்.
என் பக்கத்து வேலியில்
பல்லி நுழையும் அளவுக்கு ஒரு சந்து.
சொல்லவில்லை நான்.

நடக்கவும் திரும்பவும் ஒரே குமிழ்.
நேராகப் போக வேண்டுமானால்
வலப்பக்கம் கொஞ்சம் அழுத்த வேண்டும்.
எவ்வளவு என்றால்,
புதுச் சுண்ணாம்புச் சுவர் காய்ந்ததா என்று
தொட்டுப் பார்ப்போமே,
அவ்வளவு.
பள்ளிக்கூடம் திறக்கும்வரை அழுத்தினேன்.

இப்போது ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில்
ஒரு நாளைக்கு அறுபது பேருக்கு ரத்தம் எடுக்கிறேன்.
குழந்தையின் நூல் நரம்பிலும்
ஒரே குத்து,
விரல் பிசகியதில்லை.

பைசல் ஏதோ இறக்கி வைத்து
"உம்மா, இதுதான அது?" என்றான்.
அதேதான். ரீமாஸ்டராம்.
பனியில் என் காலடி பதிகிறது,
துப்பாக்கியில் கீறல் தெரிகிறது,
கைப்பிடி புதுசு, குமிழ் நட்ட நடுவில் நிற்கிறது.
நான் நடந்தேன்.
"எதுக்கும்மா சுவத்த ஒரசிக்கிட்டே போறீங்க?"
வலப்பக்கச் சுவர்.
திருப்பி நேராக்கினேன்.
மறுபடி வலப்பக்கச் சுவர்.

வியாழன் ராத்திரி, மணி பன்னிரண்டு.
ஷார்ஜாவில் பத்தரை.
காஜா கடையில் ஸ்டாக் எடுக்கிறான், வரவில்லை.
ஹக்கீமுக்குக் கண் கூசுகிறதாம்.
மிஞ்சியது பீர் மைதீனும் நானும்,
ஆளுக்கொரு முழுத்திரை.
இவ்வளவு இடத்தை வைத்துக்கொண்டு
எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை எனக்கு.
மேலே நிமிர்ந்தால் பைசலின் டைம்டேபிள்.

காதுக்குள் அவன் அறை ஏசியின் இரைச்சல்.
பேச்சில்லை.
ஒளிந்துவிட்டான் என்று அர்த்தம்.

மலையைச் சுற்றி வந்தேன்.
மூட்டத்தைத் துடைத்துவிட்டிருந்தார்கள்.
பின்னால் ஒரு கம்பி வேலி,
ஏழெட்டு ஊசியிலை மரம்,
மரத்தடியில் கவிழ்ந்த தள்ளுவண்டி.
முன்பே இருந்ததா, இப்போது வரைந்ததா,
காஜாவைத்தான் கேட்க வேண்டும்.

அதற்கு முன்னால், பழைய விளிம்பில்,
பட்டப்பகல் வெளிச்சத்தில்,
சட்டைத் தையல்கூடத் தெரிய
அசையாமல் நிற்கிறான்
பீர் மைதீன்.

நெஞ்சுக்குக் குறி வைத்தேன்.
அடித்தேன்.
வலப்பக்கத்து மரத்தில் பட்டு
ஒரு கொப்புப் பனி
பொத்தென்று விழுந்தது.

ஏசி இரைச்சல் ஒரு நொடி நின்ற மாதிரி.
பிறகு அவன் குரல்:
"ஏளா, எப்படிக் கண்டுபிடிச்ச?
எட்டிப் பாத்தியா?"

"ஆமா" என்றேன்.